மனச்சோர்வு மாத்திரையைக் குறைத்து நிறுத்துவது எப்படி: முதல் குறைப்பிலிருந்து கடைசி அரை மில்லிகிராம் வரை

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறேன். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. ஆறு வருடம் எடுத்தேன். முதல் தடவை ஒரே மாதத்தில் நிறுத்தப் பார்த்துத் தோற்றேன். இரண்டாம் தடவை பதினான்கு மாதம் ஆனது, ஆனால் நின்றது. அதன்பின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் உறவிலும் பழக்கத்திலுமாக ஏழெட்டுப் பேர் இதே வேலையில் இறங்கியபோது கூட இருந்து பார்த்தேன். தடுக்கி விழுந்தவர்கள் அநேகமாக இரண்டே இடங்களில்தான் விழுந்தார்கள். ஒன்று, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் தொடங்கினார்கள். இல்லையென்றால், "இனி கொஞ்சம்தானே" என்று கடைசியில் அவசரப்பட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. இங்கே வரும் அளவுகளும் வாரங்களும் உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசுவதற்கான கணக்கு. அந்தப் பேச்சு நடக்காமல் ஒரு மாத்திரையையும் உடைக்காதீர்கள். இன்று காலை கோபத்தில் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் அதை எடுத்து வையுங்கள். வழக்கமான அளவையே தொடருங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

1. இது நிறுத்துவதற்கான நேரமா என்று பாருங்கள்

முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே அளவைத் தொடரச் சொல்வார்கள். ஏற்கெனவே பலமுறை வந்தது என்றால் இரண்டு வருடம் வரை. "இப்போது நன்றாக இருக்கிறேன், அதனால் வேண்டாம்" என்பது போதாது. எத்தனை மாதமாக நன்றாக இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். 2021-ல் இங்கிலாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வில், நீண்ட நாள் மாத்திரை எடுத்து நலமாக இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது, மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு. நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கு. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நான் "பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் நிறுத்தியும் தப்பித்தார்கள்" என்று படித்தேன். என் கணவர் மற்றப் பக்கத்தைப் படித்தார். இரண்டுமே சரி.

பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) இருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், முன்பு தற்கொலை எண்ணம் வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள்: உங்கள் கணக்கு வேறு. மனநல மருத்துவர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். வீடு மாறும் மாதம், பிள்ளையின் மெட்ரிக் (பள்ளி இறுதிப்) பரீட்சை, டிசம்பர் மாதத்து உறவினர் கூட்டம், இதெல்லாம் முதல் குறைப்புக்கு ஏற்றவை அல்ல. டர்பனில் பிப்ரவரி மாதத்துப் புழுக்கத்தில் தொடங்கினால், தலைசுற்றல் வெயிலாலா மாத்திரையாலா என்று தெரியாமல் முழிப்பீர்கள். நான் ஏப்ரலில் தொடங்கினேன்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒத்துக்கொள்ளும் டாக்டர். மெதுவாகக் குறைப்பதற்குச் சம்மதிக்கும் டாக்டர் வேண்டும். "நாலு வாரத்தில் நிறுத்திவிடலாம்" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். "முன்பு எனக்கு அப்படிச் சரிவரவில்லை, மாதக் கணக்கில் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். இங்கிலாந்தில் மனநல மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2020-ல் வெளியிட்ட, நோயாளிகளுக்கான வழிகாட்டியில் சின்னச் சின்னக் குறைப்புகளுக்கான அட்டவணைகளே இருக்கின்றன. அதை அச்செடுத்துக் கொண்டு போனேன், பேச்சு சுலபமானது.

சீட்டு. தென்னாப்பிரிக்காவில் இந்த மாத்திரைகள் ஷெட்யூல் 5, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். டாக்டர் எழுதினால் ஆறு மாதம் வரை ரிப்பீட் வாங்கலாம். ஆனால் அளவு மாறினால் சீட்டும் மாற வேண்டும். அதனால் அடுத்த இரண்டு மூன்று அளவுகளையும் சேர்த்து எழுதித் தர முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். அரசு கிளினிக்கில் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு குறைப்புக்கும் விடியற்காலை வரிசையில் நிற்க முடியாது, நின்று களைத்துப்போய்த்தான் நிறையப் பேர் "சரி, விட்டுவிடலாம்" என்று மொத்தமாக நிறுத்துகிறார்கள்.

மற்ற மருந்துகளின் பட்டியல். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலி, நாட்டு மருந்து, எல்லாம். பராக்ஸெடின், ஃப்ளூவோக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேறு சில மருந்துகள் உடம்பில் கரையும் வேகத்தை மாற்றக்கூடியவை. அவற்றைக் குறைக்கும்போது மற்றதன் அளவும் மாறலாம்.

இரண்டு வாரக் குறிப்பு. குறைப்பதற்கு முன் பதினான்கு நாள் டைரி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனநிலை பத்துக்கு எத்தனை, உடம்பில் என்ன தொந்தரவு. மூன்றே வரி. இதைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள், எட்டாவது பகுதியில் இது இல்லாமல் திண்டாடுகிறார்கள். மாத்திரை எடுக்கும்போதே வாரத்துக்கு ஒரு நாள் தூக்கம் வராது என்று எழுதி வைத்திருந்தால், குறைத்த பிறகு வரும் ஒரு தூக்கமில்லாத இரவு உங்களை மிரட்டாது.

வீட்டில் ஒருவர். உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய ஒருவர். எனக்கு என் மாமியார். "ரெண்டு நாளா நீ பாத்திரத்தப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவுற" என்று அவர்தான் முதலில் சொல்வார். அந்த வரியும் டைரியில் ஏறியது.

அவசர எண்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, மனப்பதற்றக் குழுவின் (சாடாக் என்பார்கள்) தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112. சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ, பல இரவுகள் தூங்காமலே உற்சாகம் பொங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ அன்றே டாக்டரிடம் அல்லது மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை காத்திருந்து பார்க்கும் விஷயங்கள் அல்ல.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் இன்னொன்று கேளுங்கள். தீவிர மனச்சோர்வுக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சச் சலுகையில், மருத்துவமனையில் சேருவதற்குப் பதிலாக வருடத்துக்கு 15 அமர்வு வரை மனநல ஆலோசனை என்ற வழி உண்டு. உங்கள் திட்டத்தில் அதற்கு என்ன நிபந்தனை என்று கேட்டு, குறைக்கத் தொடங்கும் முன்பே ஆலோசகரிடம் பழகிக்கொள்வது நல்லது. மாத்திரை செய்த வேலையில் கொஞ்சத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டுமே.

3. உங்கள் மாத்திரை எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மருந்தைக் குறைக்கும்போது உடம்பு காட்டும் தொந்தரவைத்தான் விலகல் அறிகுறி என்கிறார்கள். அது அடிமைத்தனம் இல்லை. வருடக்கணக்கில் ஒரு மருந்து இருப்பதற்கு நரம்புகள் பழகிவிட்டன. அது குறையும்போது மறுபடி பழக நாள் கேட்கின்றன, அவ்வளவுதான். எவ்வளவு வேகமாக மருந்து உடம்பை விட்டுப் போகிறதோ, அவ்வளவு திடீரென்று அடி விழும்.

வென்லாஃபாக்ஸின் சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். ஒரு வேளை மறந்தாலே சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். பராக்ஸெடின் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகும், அதுவும் முரட்டு ரகம்தான். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் ஒரு நாளுக்குச் சற்று மேல். ஃப்ளூவோக்ஸெடின் மட்டும் வேறு ஜாதி. அதுவும் அதிலிருந்து உடம்பு உண்டாக்கும் பொருளும் சேர்ந்து வாரக்கணக்கில் தங்கும். அது மெதுவாகத் தானே இறங்குவதால் அறிகுறி பெரும்பாலும் லேசாக இருக்கும். ஆனால் தாமதமாக, சில வாரம் கழித்துக்கூட வரும். "மூன்று வாரம் ஆச்சு, ஒன்றுமே இல்லை" என்று அடுத்த குறைப்புக்குத் தாவுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அப்புறம், எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது. நாள் முழுக்க மெதுவாகக் கரையும்படி செய்த வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் வகைகளை நொறுக்கினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். டுலோக்ஸெடின் மணிகளுக்கு மேல் வயிற்று அமிலம் படாமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. நசுக்கினால் அது போய்விடும். டப்பாவை எடுத்துக்கொண்டு பார்மசிஸ்டிடம் "இதை வெட்டலாமா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

4. கடைசி மில்லிகிராம்கள் ஏன் நீளமானவை என்று புரிந்துகொள்ளுங்கள்

இது ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ரசத்தில் உப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் போட்ட ரசத்தில் அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பெரிதாகக் கண்டுபிடிக்காது. உப்பே இல்லாத ரசத்தையும் ஒரு சிட்டிகை போட்ட ரசத்தையும் யாரும் குழப்ப மாட்டார்கள். மருந்தும் அப்படித்தான்.

இந்த மாத்திரைகள் மூளையில் செரட்டோனினை (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு பொருள்) உறிஞ்சும் இடங்களை அடைக்கின்றன. ஸ்கேன் எடுத்து அளந்திருக்கிறார்கள். சிட்டலோபிராம் (நான் எடுத்த எஸ்சிட்டலோபிராமின் நெருங்கிய உறவு) 20 மி.கி. எடுத்தால் சுமார் 80 சதவீத இடங்கள் அடைபடுகின்றன. 9 மி.கி.க்கு 70. சுமார் 5.4 மி.கி.க்கு 60. 3.4 மி.கி.க்கே பாதி. வெறும் ஒன்றரை மில்லிகிராமுக்கும் 30 சதவீதம். ஹொரொவிட்ஸ், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இந்த வளைவை வைத்துத்தான் மெதுவாகக் குறைக்கும் முறையை முன்வைத்தார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். 20-லிருந்து 10-க்கு இறங்கினால் மூளைக்குத் தெரிவது ஏறக்குறைய பத்துச் சதவீதம். 5-லிருந்து பூஜ்யத்துக்குக் குதித்தால் ஏறக்குறைய அறுபது. "பாதி சுலபமாகப் போச்சு, மீதிப் பாதியும் அப்படியே போகும்" என்று நினைப்பது இதனால்தான் பொய்த்துப்போகிறது. முதல் தடவை நான் 10-லிருந்து 5, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 5, பிறகு நிறுத்தம் என்று போனேன். 5 வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனவே, ஒவ்வொரு தடவையும் "எத்தனை மில்லிகிராம்" என்று கணக்கிடாமல், "இப்போது எடுப்பதில் எத்தனை பங்கு" என்று கணக்கிடுங்கள். இறங்க இறங்கக் குறைப்பும் சின்னதாகும்.

5. முதல் குறைப்பு: ஆழம் பார்ப்பது

முதல் குறைப்பின் வேலை உங்கள் உடம்பு எப்படி என்று கண்டுபிடிப்பது மட்டும்தான். வருடக்கணக்கில் எடுத்தவர்கள், முன்பு நிறுத்தப் பார்த்துக் கஷ்டப்பட்டவர்கள், பராக்ஸெடின் அல்லது வென்லாஃபாக்ஸின் எடுப்பவர்கள் பத்துச் சதவீதம் போலச் சின்னதாகத் தொடங்குவது நல்லது. சில மாதமே எடுத்தவர்களுக்கு டாக்டர் கால் பங்கு, சிலருக்குப் பாதிகூடச் சொல்லலாம்.

அப்புறம் காத்திருங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரம். மாத்திரை உடம்பில் புது அளவுக்கு வரச் சில நாள், நரம்பு பழகுவதற்கு இன்னும் சில வாரம். அறிகுறி முழுக்க அடங்கி, பழைய இரண்டு வாரக் குறிப்பை ஒட்டி டைரி வந்த பிறகுதான் அடுத்தது. தேதி வந்துவிட்டது என்பதற்காகக் குறைக்காதீர்கள்.

எல்லாருக்கும் இது மலை ஏறுவது போல இருக்கும் என்று பயப்பட வேண்டாம். 2024-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், மாத்திரையை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதத்தினர் ஏதாவது ஓர் அறிகுறி சொன்னார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் சொன்னார்கள்! கடுமையாக வந்தது நூற்றில் மூன்று பேர் அளவுக்கு. ஆனால் அதில் சேர்த்த ஆய்வுகள் பலவும் சில மாதமே மாத்திரை எடுத்தவர்களைப் பற்றியவை. ஆறு வருடம், பத்து வருடம் எடுத்தவர்கள் அந்த எண்ணில் நிம்மதி தேட வேண்டாம், மெதுவாகவே போங்கள்.

என் படிகள் இவை: 10, 7.5, 5, 4, 3, 2.5, 2, 1.5, 1, 0.7, 0.5, 0.3, அப்புறம் பூஜ்யம். ஒவ்வொன்றும் நான்கிலிருந்து ஆறு வாரம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இறங்க இறங்கப் படி எப்படிச் சின்னதாகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

6. சின்ன அளவை எப்படி எடுப்பது

10 மி.கி. மாத்திரையைப் பாதியாக வெட்டலாம், காலாகக்கூட வெட்டலாம். அதற்குக் கீழே கத்தி உதவாது. துண்டுகள் ஒரே மாதிரி வராது. இன்று 2, நாளை 3 என்று உடம்பு ஊஞ்சலாடும்.

அங்கே திரவம் வேண்டும். சில மருந்துகள் சிரப்பாகவோ சொட்டாகவோ கிடைக்கின்றன. உங்கள் மருந்துக்கு அப்படி இல்லை என்றால், சீட்டின்படி மருந்தைக் கலந்து தயாரித்துத் தரும் பார்மசிகள் டர்பன், ஜோகன்னஸ்பர்க் போன்ற ஊர்களில் உண்டு. எனக்கு ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் என்று செய்து கொடுத்தார்கள். கணக்கு எளிதாக இருக்கும்படி இப்படிக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அளப்பதைச் சில மருந்துகளுக்கு மட்டும், பார்மசிஸ்ட் காட்டிக்கொடுத்தால் மட்டும் செய்யலாம். எல்லா மருந்தும் ஒரே சீராகக் கரையாது.

ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள், 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று தனியாக வாங்குங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். முதல் நாள் சிரிஞ்ச் கிடைக்காமல் ஒரு டீஸ்பூனால் "மூன்று மில்லி இருக்கும்" என்று குடித்தேன். டீஸ்பூன் ஐந்து மில்லி! இரண்டு படி மேலே ஏறிவிட்டு, மறுநாள் கீழே இறங்கினேன். ஒரு வாரம் தலை சுற்றியது.

பாட்டிலை ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் தங்கி மாதக் கடைசியில் அதிகமாகப் போகும். எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதை லேபிளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் பலர் இதைத்தான் செய்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஓர் அக்கா பராக்ஸெடினை அப்படி எடுத்தார். எடுக்காத நாளெல்லாம் குமட்டலும் அழுகையும். எடுத்த நாள் நன்றாக இருப்பார். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மருந்து பாதியாகி, அதில் பாதியாகி, மறுபடி ஏறுகிறது. அது குறைப்பதே இல்லை, தினமும் சின்னதாக நிறுத்திச் சின்னதாகத் தொடங்குவது. நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவோக்ஸெடினுக்கு மட்டும் டாக்டர் அப்படிச் சொல்லலாம். மற்ற எதற்கும் தினமும் ஒரே நேரம், ஒரே அளவு.

7. அறிகுறி வரும்போது

பெரும்பாலான மருந்துகளுக்குக் குறைத்த சில நாளில் தொடங்கும். முதல் ஓரிரு வாரம் ஏறும், பிறகு அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். நேர்க்கோட்டில் குறையாது, அலை அலையாக வரும். இரண்டு நல்ல நாளுக்குப் பிறகு ஒரு கெட்ட நாள் வந்தால் எல்லாம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

தலைக்குள் மின்சாரம் அடிப்பது. இதைக் கேள்விப்படாதவர்கள் நடுங்கிப்போகிறார்கள். கண்ணைச் சட்டென்று திருப்பினால், தலையைத் திருப்பினால், ஒரு நொடி "சர்ர்" என்று ஷாக் அடித்த மாதிரி இருக்கும். விலகல் அறிகுறிகளில் இது மிகவும் பழக்கமான ஒன்று. தலையை மெதுவாகத் திருப்புங்கள், தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்; களைப்பான நாளில் எனக்கு அதிகமாக வந்தது. நினைவு தப்பினால் மட்டும் இது வேறு விஷயம், மருத்துவமனை.

தலைசுற்றல். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். தண்ணீர் குடியுங்கள். குறைத்த முதல் வாரம் என்2 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம். பக்கத்துக் கடைக்குக்கூட வேறு யாராவது ஓட்டட்டும். இதனால் நான் வெள்ளிக்கிழமை இரவில் குறைத்துப் பார்த்தேன். தப்பு: மோசமான நாள் திங்கள், செவ்வாயில் வந்தது. பிறகு புதன்கிழமைக்கு மாற்றினேன், சனி ஞாயிறு வீட்டிலேயே கழிந்தது. உங்களுக்கு எத்தனையாவது நாளில் ஏறுகிறது என்று முதல் குறைப்பு சொல்லிவிடும், அதை வைத்துக் கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

குமட்டல். சாப்பாட்டோடு மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை சாப்பிடுங்கள். சுக்கு வெந்நீர், கஞ்சி. இதில் ரகசியம் எதுவும் இல்லை.

தூக்கம். இதுதான் ஆளைச் சாய்க்கும். கனவு சினிமா மாதிரி ஓடும், மூன்று மணிக்கு விழிப்பு வரும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். பகலில் படுக்காதீர்கள். மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாசத்தோடு நீட்டும் தூக்க மாத்திரையை மட்டும் வாங்காதீர்கள். அவற்றில் பலவும் நிறுத்துவதற்கு இதைவிடக் கடினமானவை.

கோபமும் அழுகையும். விளம்பரத்தைப் பார்த்து அழுவீர்கள். சாதம் குழைந்ததற்குக் கத்துவீர்கள். வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: "இந்த ரெண்டு வாரம் நான் கத்தினா மனசுல வெச்சுக்காதீங்க." வேலையை விடுவது, வீட்டை விற்பது, உறவை முறிப்பது போன்ற முடிவுகளை அந்த இரண்டு வாரத்தில் எடுக்காதீர்கள்.

உடம்புவலி, ஜலதோஷம் வந்த மாதிரி உணர்வு. இங்கே கவனம் வேண்டும். எல்லார் வீட்டு டிராயரிலும் கிடக்கும் கிராண்ட்பா தலைவலிப் பொடியில் ஆஸ்பிரினும் காஃபினும் இருக்கின்றன. ஆஸ்பிரினும் இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். காஃபின் இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும். வெறும் பாரசிட்டமால், அதாவது பனாடோ, போதும். டிராமடால் உள்ள வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்து, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை: இவை செரட்டோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடியவை. கேட்காமல் தொடாதீர்கள். மது வேண்டாம். ஒரு கிளாஸ் அன்றிரவு அமைதிப்படுத்தும், மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

8. விலகலா, நோய் திரும்பியதா?

என் முதல் முயற்சி இந்தக் கேள்வியில்தான் செத்தது. நிறுத்திய நாலாவது நாள் ஷாக், குமட்டல், காரணமில்லாத அழுகை. நான் போய்ப் பார்த்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் "நோய் திரும்பிவிட்டது" என்றார், 20 மி.கி. எழுதினார். இரண்டே நாளில் சரியானது. அதையே அவர் ஆதாரமாகச் சொன்னார். உண்மையில் அது நேர்மாறான ஆதாரம்.

பார்க்க வேண்டியவை இவை. குறைத்த சில நாளிலேயே வந்ததா? விலகலாக இருக்கும், மனச்சோர்வு பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல ஊறி வரும். ஷாக், தலைசுற்றல், குமட்டல் போல உடம்பு சார்ந்தவை சேர்ந்து வந்தனவா? நோயில் இவை பொதுவாக வருவதில்லை. பழைய அளவுக்குப் போனதும் ஓரிரு நாளில் மறைந்ததா? மனச்சோர்வுக்கு மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும், இவ்வளவு சீக்கிரம் சரியாகாது. கடைசியாக, இந்த உணர்வு உங்கள் பழைய மனச்சோர்வைப் போல இருக்கிறதா, அல்லது இதுவரை அனுபவிக்காத புதுசா?

ஃப்ளூவோக்ஸெடினுக்கு முதல் கேள்வி அவ்வளவாக உதவாது, அறிகுறியே தாமதமாக வருவதால். இரண்டும் ஒன்றாகவும் வரலாம். அதனால்தான் டைரி. அலை அலையாக வந்து போகிறதா, நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகிறதா என்பது ஆறு வாரக் குறிப்பைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரியும். இரண்டாவது என்றால், வருத்தப்படாமல் டாக்டரிடம் போங்கள். மாத்திரை இன்னும் தேவைப்படுவது தோல்வி இல்லை.

9. தாங்க முடியவில்லை என்றால்

லேசானதைக் காத்திருந்து கடக்கலாம். தூக்கம் கெட்டு, வேலைக்குப் போக முடியாமல், பிள்ளையைப் பார்க்க முடியாமல் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கடைசியாக நன்றாக இருந்த அளவுக்கு ஏறுங்கள். அதாவது ஒரு படி. முதலில் இருந்த முழு அளவுக்கு ஓட வேண்டியதில்லை. அங்கே நன்றாக நிலைத்த பிறகு, முன்பு இறங்கியதில் பாதி அளவு இறங்குங்கள்.

எனக்கு 1.5-லிருந்து 1-க்கு இறங்கியபோது இது நடந்தது. மறுபடி 1.5-க்குப் போய், ஆறு வாரம் இருந்து, 1.25 என்று ஒரு நடுப்படி போட்டேன்.

வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடினை விடவே முடியாதவர்களுக்கு, நீண்ட நேரம் தங்கும் ஃப்ளூவோக்ஸெடினுக்கு மாற்றி அதைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. மாற்றும் நாட்களில் இரண்டு மருந்தும் மோதும் அபாயம் இருப்பதால் இது முழுக்க மனநல மருத்துவரின் வேலை.

10. விரதம், காவடி, ஊர்ப் பயணம்

இங்கே தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரியில் வரும், டர்பனின் உச்சக்கட்ட வெயிலில். பல நாள் விரதம், வெறுங்காலில் ஊர்வலம், குறைந்த தண்ணீர். குறைப்பின் முதல் வாரத்தோடு இது சேர்ந்தால் விழுவீர்கள். என் உறவில் ஒருவர் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதனால் விரதத்துக்கு ஒரு மாதம் முன்பும், முடிந்து இரண்டு வாரம் வரையும் அளவை மாற்றாதீர்கள்.

புரட்டாசியில் சைவமாக இருப்பதால் ஒன்றும் ஆகாது. ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை அந்த வேளைக்கு ஒரேயடியாக மாற்றாமல், நேரத்தை முன்பே மெல்ல நகர்த்துங்கள். "விரதத்துல மாத்திரை எதுக்கு?" என்று கேட்கும் பெரியம்மாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சர்க்கரை மாத்திரை போல இதுவும் மருந்துதான் என்று சொல்லிவிட்டு நகருங்கள், விவாதம் வேண்டாம்.

ஊருக்குப் போனால் சீட்டின் நகலோடு, மருந்து கைப்பையில். சென்னை நேரம் இங்கிருந்து மூன்றரை மணி முன்னால். காலை ஏழுக்கு எடுப்பது அங்கே பத்தரை. அதே நேரத்தைத் தொடர்ந்தாலே போதும்.

11. கடைசிப் படியும் அதன் பிறகும்

பூஜ்யத்துக்கு முந்தைய அளவு சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். 0.3 மி.லி. சிரிஞ்சில் எடுத்தபோது என் மகன் "இது எறும்புக்கா?" என்றான். நாலாவது பகுதியை நினைத்துக்கொண்டு பொறுமையாக எடுத்தேன்.

நிறுத்திய பிறகும் ஓரிரு மாதம் டைரியைத் தொடருங்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து டாக்டரைப் பார்க்க இப்போதே தேதி வாங்குங்கள். விலகல் முடிந்துவிட்டது என்று எல்லாரும் மறந்த பிறகுதான் நோய் திரும்பினால் திரும்பும். நலமாக இருக்கும்போது யாரும் டாக்டருக்குப் போன் போட மாட்டார்கள்.

மிச்ச மருந்தை மூன்று மாதம் பூட்டி வையுங்கள், டாக்டர் மறுபடி ஒரு சின்ன அளவுக்குப் போகச் சொன்னால் தேவைப்படும். தேதி முடிந்த திரவத்தை மட்டும் வைத்திருக்க வேண்டாம். அப்புறம் எல்லாவற்றையும் பார்மசியில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள். டைரி உங்களிடமே இருக்கட்டும். என்றாவது மறுபடி மாத்திரை தொடங்க வேண்டி வந்து, அதையும் குறைக்கும் நாள் வந்தால், எந்த அளவில் தொந்தரவு தொடங்கியது என்று டாக்டர் கேட்கும்போது பதில் அதில் இருக்கும்.